அத்தை ஏற்றுக்கொண்ட கோட்டி

பதினைந்து வயதில் நான் ஒருத்தி இல்லை, மூன்று பேர். காலையில் எழுந்திருப்பவள் நல்லவள். பாடிக்கொண்டே வாசல் தெளிப்பாள், தம்பியைப் பிடித்து உட்காரவைத்துத் தலை சீவிவிடுவாள், "என் கட்டைப் பேனாவை நீயே வச்சுக்கோலே" என்று தானம் பண்ணுவாள். பத்து மணிக்கு இரண்டாமவள் வந்துவிடுவாள். குழம்பில் முருங்கைக்காய் ஒரு துண்டு குறைந்தது என்று தட்டைத் தள்ளிவிட்டு, கொடுத்த பேனாவையும் பிடுங்கிக்கொண்டு, நெல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு வருகிறவள் மூன்றாமவள். அவளுக்கு யாரைப் பார்த்தாலும் அழுகை வரும். கொட்டிலில் நிற்கிற மாட்டைப் பார்த்தால்கூட வரும்.

இதைச் சொல்லும்போது இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. அப்போது சத்தியமாகச் சிரிப்பாக இல்லை. ஏன் கோபம், ஏன் அழுகை என்று எனக்கே தெரியாது. அதுதான் கொடுமை. காரணம் தெரிந்தாலாவது அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நியாயமான சண்டை போடலாம். கோபம் வந்து போன பிறகு வருகிற வெட்கம் இருக்கிறதே, அது கோபத்தைவிட மோசம். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது. பார்க்க முடியவில்லையே என்று திரும்பவும் கோபம் வரும்.

தென்காசியில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். அப்பாவுக்கு வடகரையில் கொஞ்சம் வயல் இருந்தது. அம்மா, நான், பத்து வயதுத் தம்பி, பிறகு அப்பாவின் தங்கை. அத்தைக்கு அப்போது நாற்பது நெருங்கியிருக்கும். அவள் வீட்டுக்காரர் கொழும்பில் கடை வைத்திருந்தார். மூன்று நான்கு வருசத்துக்கு ஒருமுறை வந்து, ஒரு மாதம் சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போவார். குழந்தை இல்லை. அத்தை வீட்டில் இருப்பதே தெரியாது. அம்மி சத்தம் கேட்டால் அத்தை அங்கே இருக்கிறாள் என்று அர்த்தம், அவ்வளவுதான். அவள் வாய்விட்டுச் சிரித்தோ, குரலை உயர்த்தியோ நான் கேட்டதே கிடையாது.

எனக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. எட்டாவது பாஸ் பண்ணியிருந்தேன். பாளையங்கோட்டைக்குப் போய், அங்கே ஹாஸ்டலில் தங்கி, வாத்தியார் பயிற்சி படிக்க வேண்டும். எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் போகாத இடம் அது. அப்பா எப்படியோ சம்மதித்திருந்தார். அந்தச் சம்மதத்தை நானே கிணற்றில் போட்டேன். நிஜமாகவே கிணற்றில்தான். ஒரு நாள் காலையில் தம்பி, "அக்கா கன்னம் இட்லி மாதிரி உப்பியிருக்கு" என்றான். அடுப்பிலிருந்த இட்லிக் கொப்பரையை அப்படியே துணி சுற்றித் தூக்கிக்கொண்டு போய், இட்லியோடு கிணற்றுக்குள் போட்டுவிட்டு வந்தேன்.

அப்பா பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவிக்கொண்டே சொன்னார்: "வீட்டுல நாங்க பொறுத்துக்கிடுதோம். ஹாஸ்டல்ல எவ பொறுப்பா? மறுநாளே வண்டியேத்தி அனுப்பிருவாவ."

வைத்தியர் வந்து நாடி பிடித்தார். "பித்தம் தலைக்கு ஏறிட்டு அண்ணாச்சி. ஒரு மண்டலம் குத்தாலத்துல வச்சு, எண்ணெ தேச்சு அருவியில நிறுத்துங்க. எல்லாம் இறங்கிரும்."

சொன்னது வைத்தியம்தான். ஆனால் அதைக் கேட்டு அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சாரலுக்குக் குற்றாலம் போய் நாலு நாள் குளித்து வருவது வேறு. ஒரு மண்டலம் தங்க வைப்பது வேறு. எங்கள் பக்கத்தில் கிறுக்கைக் கோட்டி என்போம். கோட்டி பிடித்தவர்களை எங்கெங்கிருந்தோ கூட்டிக்கொண்டு வந்து அந்த அருவியில்தான் நிறுத்துவார்கள். 'அந்தப் பிள்ளையைக் குத்தாலத்துல வச்சிருந்தாவளாம்' என்று ஒரு வாய் சொன்னால் போதும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஹாஸ்டல் வாசலைக்கூட மிதிக்க முடியாது.

அப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது அடுக்களை நிலையில் நின்றபடி அத்தை பேசினாள்.

"அண்ணே, கோட்டி எனக்குன்னு சொல்லிக்கிடுங்க."

"என்ன சொல்லுத நீ?"

"எனக்கு வைத்தியம்னு சொல்லுங்க. புள்ள எனக்குத் தொணைக்கு வருதுன்னு சொல்லுங்க. எனக்கென்ன, இனிமே மாப்பிள்ளை பாக்கணுமா, பள்ளிக்கூடத்துல சேரணுமா?"

"மதினி, கொழும்புல இருக்கவுக காதுல விழுந்தா?" என்றாள் அம்மா.

"அவுக காது கொழும்புலல்லா இருக்கு? நான் இங்கன சொல்லுதது எதுதான் இதுவரைக்கும் போயி விழுந்திருக்கு?"

அத்தை வாயிலிருந்து நான் கேட்ட முதல் நையாண்டி அதுதான். அப்பாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெளியே மூச்சுவிடக் கூடாது என்று தம்பியிடம் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்கினார்கள். ஆனி கடைசியில் நானும் அத்தையும் வில்வண்டியில் குற்றாலம் போய் இறங்கினோம்.

வாடகைக்குப் பிடித்தது ஒரே ஓர் அறை, முன்னால் ஒரு சின்னத் தாழ்வாரம். அடுத்த அறையில் சிவகிரியிலிருந்து வந்த ஓர் அம்மாள் குடும்பத்தோடு இருந்தாள். மூட்டு வலிக்காக வந்தவள். மூட்டு வலித்ததே தவிர நாக்குக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கள் பெட்டியை இறக்கும்போதே, "யாருக்கு?" என்றாள். நான் அத்தையைக் காட்டினேன். அவள் அத்தையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாத்தா தெரியலியே!" என்றாள்.

அத்தைக்குப் பயம் வந்துவிட்டது. அன்று மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு என்னைக் கேட்டாள்: "ஏட்டி, கோட்டின்னா என்னட்டி செய்யணும்? எனக்கு ஒண்ணுமே தெரியாதே. நீதான் சொல்லித் தரணும்."

எனக்கு வந்த சிரிப்பில் பாய் நனைந்திருக்கும். ஆனாலும் கற்றுக்கொடுத்தேன். "முதல்ல சோத்துத் தட்டைத் தள்ளணும் அத்தை." அத்தை சோற்றைக் கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, வெறும் தட்டை நாலு விரல் தூரம் தள்ளினாள். "சோறு இருக்கும்போது தள்ளணும்" என்றேன். "போடி மூதி, சோத்தை வீணாக்கலாமா?" என்றாள். "அப்ப காரணம் இல்லாம அழுங்க." காரணம் இல்லாமல் எப்படி அழுவது என்று அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். "காரணத்தோட அழுததையே இதுவரைக்கும் யாரும் பாக்கலையே" என்றாள். அதற்கு நான் சிரிக்கவில்லை.

அவளுக்குக் கோட்டி வாய்த்தது ஒன்பதாம் நாள், அருவியில். பெண்கள் பக்கம் அன்றைக்குத் தண்ணீர் கனமாக விழுந்தது. தலையில் எண்ணெயோடு இருவரும் கையைக் கோத்துக்கொண்டு உள்ளே போனோம். தோளில் இரும்புலக்கை இடிக்கிற மாதிரி இடி. திடீரென்று அத்தை கத்தினாள். பயத்தில் இல்லை. வாயை அகலமாகத் திறந்து, பாறையைப் பார்த்து, என்னவோ சொல்லிச் சொல்லிக் கத்தினாள். அந்த இரைச்சலில் ஒட்டி நின்ற எனக்கே ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொழும்பு என்று ஒரு தரம் கேட்ட மாதிரி இருந்தது. கத்தி முடித்து வெளியே வந்தவளுக்குக் கண்ணெல்லாம் சிவப்பு. "பசிக்குதுட்டி" என்றாள். அன்று இட்லிக் கடையில் எட்டு இட்லி சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும்? முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று ஆகிவிட்டது. வாழைப்பழத்தைப் பிடுங்கின குரங்கைப் பஜார் முனை வரைக்கும் துரத்திக்கொண்டு போய், அதன் ஏழு தலைமுறையையும் வைதாள். குளிக்கிற பெண்களை ஓரக்கண்ணால் பார்த்த ஒரு மைனரை, "இங்கன என்னலே பார்வை? ஒங்க வீட்டுல அம்மை குளிக்கல?" என்று கேட்டாள். அவன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். காயாத துணி நாறுகிறது என்று முணுமுணுத்த சிவகிரி அம்மாளிடம், "சாரல்ல துணி காயாது, சாமியே வந்து பிழிஞ்சாலும் காயாது, போயி வேலையைப் பாரும்" என்றாள். நான் பின்னாலேயே ஓடி ஓடி, "தப்பா நெனச்சுக்கிடாதீங்க, அத்தைக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்பது? மன்னிப்புக் கேட்கிற அலுப்பில் எனக்குக் கோபப்பட நேரமே கிடைக்கவில்லை.

அதற்காக என் பித்தம் இறங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம். அது பாட்டுக்கு வந்தது. ஒரு காலை எழுந்திருக்கும்போதே நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அடுப்புப் பற்றவைக்கவில்லை. அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அழாதே என்று சொல்லவில்லை, ஏன் என்று கேட்கவில்லை.

"நானும் இன்னைக்கு ஒரு ஆட்டம் ஆடணும்னு இருந்தேன். ரெண்டு பேரும் ஒரே நாள்ல கோட்டி ஆனா சோறு யாரு வடிக்கது? சரி, இன்னைக்கு ஒன் முறை. நாளைக்கு என் முறை."

அப்படித்தான் முறை வந்தது. தினமும் காலையில் கண் விழித்ததும் அத்தை கேட்பாள்: "ஏட்டி, இன்னைக்கு யாரு முறை?" முறைக்காரி அழலாம், பேசாமல் இருக்கலாம், சிடுசிடுக்கலாம். மற்றவள் காரணம் கேட்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. சோறு போட வேண்டும், வழுக்குப் பாறையில் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

என்னை அதுவரைக்கும் எல்லாரும் 'ஏன் இப்படி இருக்கே' என்றுதான் கேட்டிருந்தார்கள். இன்றைக்கு எப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை. அத்தை கேட்டதால் நான் ஒவ்வொரு காலையும் என்னை ஒரு தரம் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. இது அழுகை நாளா, சும்மா பசியா, தூக்கம் போதவில்லையா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தது. அத்தை முறையன்று எனக்குக் கோபம் கிளம்பினால், 'பொறு, உனக்கு நாளைக்கு' என்று அதனிடம் சொல்லிப் பார்ப்பேன். பாதி நாள் கேட்டுக்கொள்ளும். மறுநாள் முறை வரும்போது அது ஊரிலேயே இருக்காது. மீதிப் பாதி நாள் கேட்காது. அன்றைக்குச் சண்டைதான்.

ஒரு நாள் மட்டும் அத்தை சட்டென்று அடங்கிப்போனாள். அருவிக்கரையில் ஒரு பெரியவர், தன் மகனின் மணிக்கட்டைத் துண்டால் தன் கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நின்றார். பையனுக்கு இருபது வயது இருக்கும். எங்கோ பார்த்துக்கொண்டு தனக்குள் பேசிக்கொண்டே இருந்தான். அவர் மகனைக் குளிப்பாட்டிவிட்டார். அவர் தலை மட்டும் காய்ந்து கிடந்தது. அத்தை நேராகப் போனாள். "அந்தத் துண்டை இங்கன தாங்க. நாங்க பிடிச்சுக்கிடுதோம். நீங்க போயி நல்லா ஒரு முழுக்குப் போட்டுட்டு வாங்க." அந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளை முன்பின் தெரியாத ஆண்பிள்ளையிடம் இப்படிப் பேசுவதா? கோட்டிக்காரியை யார் கேட்பது! அவர் போய் ரொம்ப நேரம் அருவியில் நின்றார். திரும்பி வந்தபோது முகத்திலிருந்த களைப்பையும் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்கு நடக்கும்போது அத்தை சொன்னாள்: "இவுக முன்னால நாம வெளையாடக் கூடாதுட்டி. பாவம் பிடிக்கும்." அதற்குப் பிறகு அருவிக்கரையில் அவள் ஆடவே இல்லை. சிவகிரி அம்மாளுக்குத்தான் கூடுதலாகக் கிடைத்தது.

மண்டலம் முடிகிற சமயம் கொழும்பிலிருந்து ஒரு தகர டப்பா பிஸ்கோத்தும் ஒரு கடுதாசியும் தென்காசி வீட்டுக்கு வந்து, அப்பா கொண்டுவந்து கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத அத்தைக்கு நான்தான் வாசித்தேன். 'உனக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.' அத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். அதற்கப்புறம் இன்னொரு தரம். "இருபது வருசத்துல இப்பத்தான் கேக்காவ. கோட்டி பிடிச்சாத்தான் மனுசி கண்ணுக்குத் தெரிவா போலுக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். டப்பாவைத் தம்பிக்கு அனுப்பிவிட்டோம். ரகசியத்தைக் காப்பாற்றுகிறவனுக்குக் கூலி வேண்டாமா?

ஆவணிப் பாதியில் வீட்டுக்கு வந்தோம். அதற்குப் பிறகு நான் கிணற்றில் எதையும் போடவில்லை என்று அம்மா ஊருக்குச் சொல்ல முடியாமல் சுவாமிக்குச் சொன்னாள். வீட்டிலும் முறை தொடர்ந்தது. அப்பாவும் வேறு யோசனை இல்லாமல் பாளையங்கோட்டைக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டார். அதற்கு நடுவே சிவகிரி அம்மாள் தன் வேலையைக் காட்டியிருக்கிறாள். அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை அந்தப் பயிற்சிப் பள்ளியில் டீச்சர். 'கோட்டிக்கார அத்தையை ஒரு மண்டலம் முகம் சுளிக்காமப் பாத்துக்கிட்ட புள்ள' என்று சொல்லி வைத்திருக்கிறாள். எனக்கு வந்த நோய் எனக்கே நற்சாட்சி ஆகிவிட்டது.

ஐப்பசியில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல், பள்ளியின் பெரிய டீச்சர் கையில் ஒரு கறுப்புக் குடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். விண்ணப்பம் போட்ட பெண்களை வீட்டில் வந்து பார்ப்பது அவர் வழக்கமாம். வந்த நாளா அது! அன்று காலையில்தான் நான் அத்தையிடம், "இன்னைக்கு என் முறை" என்று சொல்லியிருந்தேன். இரவெல்லாம் காரணமில்லாமல் மனசு கொதித்துக்கொண்டிருந்த நாள். அம்மா அவசரமாகத் தலையை வாரி என்னை அவர் முன்னால் உட்காரவைத்தாள். புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கணக்குக் கேட்டார். சொன்னேன். பிறகு நல்லவிதமாகத்தான் கேட்டார்: "ஹாஸ்டலில் இத்தனை பிள்ளைகளோடு ஒரே கூடத்தில் இருக்க வேண்டும். உனக்குக் கோபம் கீபம் வருமா அம்மா?"

வந்துவிட்டது. காது சுட்டது. கையிலிருந்த புத்தகம் மேலே எழும்பியது. அது எங்கே போய் விழும் என்றுகூட எனக்குத் தெரியும். அவர் மூக்குக் கண்ணாடியில் போய் விழும். பாளையங்கோட்டை அதோடு சரி. தெரிந்தும் என் கையை என்னால் பிடிக்க முடியவில்லை.

அடுக்களையில் தடாலென்று சத்தம். அத்தை காப்பித் தம்ளர்களைத் தட்டோடு தரையில் போட்டுவிட்டு, கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு பாய்ந்து வந்தாள். பெரிய டீச்சரின் குடையைப் பார்த்து ஒரே கத்து. "வீட்டுக்குள்ள எதுக்குக் குடை? இங்கன மழையா பெய்யுது? எங்க கூரை ஒழுகுதுன்னு சொல்லுதியளோ?"

டீச்சர் வெலவெலத்துப் போய் எழுந்து நின்றார். என் கை புத்தகத்தைத் தானாகவே கீழே வைத்தது. ஒரு மண்டலத்துப் பழக்கம். எழுந்து போய் அத்தையின் தோளை அணைத்து, "ஒண்ணுமில்ல அத்தை, வாங்க, உள்ள வாங்க" என்று சொல்லி நெல் அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினேன்.

உள்ளே போனதும் அத்தை என்னை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அழுதுரு" என்றாள் மெதுவாக. "சத்தம் நான் போடுதேன். நீ அழு." பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "குடையை வெளிய வைக்கச் சொல்லு!" என்று வீடு அதிரக் கத்தினாள். நான் விம்மினேன். அவள் கத்தினாள். என் சத்தம் வெளியே கேட்கும் என்று தோன்றும்போதெல்லாம் அவள் சத்தத்தைக் கூட்டினாள். கத்தலுக்கு நடுவே சேலைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மனசு காலியானதும் என் முகத்தைத் திருப்பிப் பார்த்து, "போதும்ட்டி. போயி அவுகளுக்கு வேற காப்பி போட்டுக் குடு" என்றாள்.

போய்க் கொடுத்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. பெரிய டீச்சர் என் சிவந்த கண்ணைப் பார்த்து, அத்தைக்காக அழுதேன் என்று நினைத்துக்கொண்டார். "உன்னைப் போல ஒரு பிள்ளை எங்களுக்கு வேண்டும்" என்று சொன்னார். குடையை அவரே வெளியே கொண்டுபோய் வைத்திருந்தார்.

அந்தப் பெயர் அத்தையை விட்டுப் போகவே இல்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் தெருப்பிள்ளைகள் அவளைக் கோட்டி ஆச்சி என்பதைக் கேட்டு எனக்கு வயிறு எரியும். ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஒரு தரம் கிளம்பினேன். "சும்மா கிட. எனக்கு இந்தப் பேரு சவுகரியமா இருக்கு. மனசுல பட்டதைச் சொல்லுதேன், எவளும் என்னை அம்மி முன்னால உக்காரச் சொல்லுததில்ல. கெடுத்துப்போடாத" என்றாள். ஹாஸ்டலில் என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில்காரிக்கு நான் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். முப்பது வருசம் வாத்தியாராக இருந்துவிட்டேன். எதையும் கிணற்றில் போடவில்லை. ஒரே ஒரு மைக்கூடு சுவரில் பட்டிருக்கிறது, அதை விடுங்கள்.

முதன்முதலாக நான் பாளையங்கோட்டைக்குக் கிளம்பிய நாள் காலையில் தென்காசி ஸ்டேஷனுக்கு எல்லாரும் வந்தார்கள். அப்பா டிரங்குப் பெட்டியை ஏற்றினார். அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டாள்: "ஏட்டி, இன்னைக்கு யாரு முறை?"

"என் முறை அத்தை" என்றேன். அதைச் சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது.

"சரி. அப்ப நீ அழு. நான் சிரிச்சுக்கிடுதேன்" என்று சொல்லிச் சிரித்தாள். வண்டி நகர்ந்தது. ஜன்னல் வழியாக எட்டித் திரும்பிப் பார்த்தேன். அம்மா கையசைத்தாள், தம்பி கூடவே ஓடிவந்தான். அத்தை பிளாட்பாரத்தில் தரையில் உட்கார்ந்து, முறை தவறி, முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.